அப்பாவின் சட்டையில் ஒரு போர்வை

போன வாரம் என் தோழி போன் செய்தாள். அவளுடைய அப்பா தவறி ஏழு மாதம் ஆகிறது.

"பீரோவுல அப்பாவோட சட்டை, வேட்டி எல்லாம் அப்படியே இருக்குடி. அம்மா தினமும் கதவைத் திறந்து பார்த்துட்டு மூடிடறாங்க. யாருக்காவது கொடுத்துடலாம்னு அண்ணன் சொல்றான். எனக்கு மனசு வரலை. என்னதான் பண்றது?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. காரியம் முடிந்ததும் உடைகளைக் கொடுத்துவிடுவதுதான் பல வீடுகளில் வழக்கம். சில வீடுகளில் ஒரே ஒரு சட்டையை மட்டும் மடித்து, யாருக்கும் தெரியாமல் புடவைகளுக்கு அடியில் வைத்திருப்பார்கள். வைத்துக்கொள்ளவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல் தவிப்பவர்கள்தான் அதிகம்.

"கொஞ்சம் பொறுடி, யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன். அன்று ராத்திரி எனக்கு ஓர் அமெரிக்க அம்மாவின் நினைவு வந்தது. அவர் பெயர் மிசௌரி பெட்வே.

1942இல் ஒரு வீடு

அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே வயலில் உழைத்துப் பிழைத்த கறுப்பினக் குடும்பம் அவருடையது. எட்டு மாதம் நோயில் கிடந்து கணவர் இறந்துபோனார். அவர் விட்டுப்போனது வயலுக்குப் போட்டுக்கொண்டு போன பழைய கால்சட்டைகளையும் சட்டைகளையும்தான்.

மிசௌரி அவற்றை யாருக்கும் கொடுக்கவில்லை. 'இவற்றை ஒரு போர்வையாகத் தைக்கப்போகிறேன். அவர் ஞாபகமாக இருக்கும். அந்த அன்புக்குள் போர்த்திக்கொண்டு படுப்பேன்' என்ற பொருளில் மகள் அர்லோன்சியாவிடம் சொன்னார். மகளும் கூட உட்கார்ந்து துணிகளைக் கிழித்தாள். கால்சட்டை கீழே குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருக்கும் அல்லவா? அகலமான பகுதியை வெட்டி, எல்லாப் பட்டைகளும் ஒரே அளவாக வரும்படி செய்வதுதான் மகளுக்குக் கொடுத்த வேலை. அப்பாவின் துணி மொத்தமும் ஒரு போர்வைக்குத்தான் சரியாக இருந்தது என்று பல வருஷம் கழித்து அர்லோன்சியா நினைவுகூர்ந்தார்.

வெளுத்த நீலமும் சாம்பல் நிறமும் கலந்த அந்தப் போர்வை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஒரு விவசாயியின் மனைவி துக்கத்தில் தைத்த போர்வை, உலகப் புகழ்பெற்ற ஓவியங்கள் இருக்கும் கட்டடத்துக்குள் போயிருக்கிறது. அது எப்படிப் போனது என்பதுதான் இந்த வாரக் கதை.

மூன்று பக்கமும் ஆறு

ஜீஸ் பெண்ட்டை மூன்று பக்கமும் அலபாமா ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. அங்கே இருப்பவர்களின் முன்னோர்கள் பருத்தித் தோட்டத்து அடிமைகள். 1845இல் தோட்டத்தை வாங்கிய முதலாளியின் குடும்பப் பெயர் பெட்வே. அதுவே அடிமைகளுக்கும் பெயராகிவிட்டது. ரத்த உறவே இல்லாத பல குடும்பங்கள் அங்கே இன்றும் 'பெட்வே'தான்.

அடிமை முறை ஒழிந்த பிறகும் நிலம் அவர்கள் கைக்கு வரவில்லை. வாரத்துக்குப் பயிரிட்டு, கடனில் வாழ்ந்தார்கள். 1932இல் அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த வியாபாரி இறந்துபோக, அந்தக் குடும்பம் பாக்கியை வசூலிக்க ஆட்களை அனுப்பியது. ஏறத்தாழ 60 வீடுகளிலிருந்து மாடு, கலப்பை, தானியம் என்று இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தை அந்த ஊர் எப்படித் தாண்டியது என்று நினைத்தாலே நெஞ்சு பதறும்.

பலகை வீடுகள். இடுக்கு வழியாகக் காற்று வீசாமலிருக்கச் சுவரில் செய்தித்தாளை ஒட்டுவார்கள். மற்றபடி குளிருக்குத் துணை போர்வைதான். அதற்கும் கடையில் துணி வாங்கக் காசு ஏது? கிழிந்த வேலை உடை, மாவு மூட்டைத் துணி, உரச் சாக்கு என்று எது கிடைத்தாலும் போர்வைக்குள் போய்விடும். உள்ளே வைக்கும் பஞ்சுகூட, பஞ்சு ஆலைத் தரையில் சிந்திக் கிடந்ததைப் பெருக்கி எடுத்து வந்து, குச்சியால் அடித்துத் தூசு போக்கியதுதான்.

இந்தப் போர்வையை ஆங்கிலத்தில் குவில்ட் என்பார்கள். மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த முகம், நடுவில் பஞ்சு, கீழே ஒரு முழுத்துணி. முகத்தை ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டில் தனியாகத் தைப்பாள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பது அவள் இஷ்டம். பிறகு மூன்று அடுக்கையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓட்டுத்தையல் போடுவார்கள். பாட்டு, ஜெபம், ஊர் வம்பு எல்லாம் அந்தச் சட்டத்தைச் சுற்றித்தான் நடக்கும். சங்கம் என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே அங்கே சங்கம் இருந்தது என்று சொல்லலாம்.

கொடியில் தொங்கிய மூன்று போர்வைகள்

முறையான சங்கம் பிறந்தது 1966இல். மார்ட்டின் லூதர் கிங் அதற்கு முந்தைய வருஷம் அந்த ஊருக்கு வந்து பேசியிருந்தார். கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்காகப் பெயர் பதியப் போன காலம். பெயர் பதிந்த குற்றத்துக்காகவே சிலரை நிலத்திலிருந்து வெளியேற்றினார்கள். ஆற்றைக் கடந்து கேம்டன் நகரத்துக்குப் போகும் படகையும் 1962இலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். எதிரே கண்ணுக்குத் தெரியும் கரைக்கு, நெடுந்தூரம் சாலையைச் சுற்றிப் போக வேண்டிய நிலை.

அந்தச் சமயத்தில் உரிமைப் போராட்டக்காரர்களுக்கு உதவ வந்த பாதிரியார் பிரான்சிஸ் வால்டர், ஒரு வீட்டுக் கொடியில் மூன்று போர்வைகள் தொங்குவதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கி வருவதைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பெண் பயந்து காட்டுக்குள் ஓடிவிட்டாராம். வால்டர் விடவில்லை. மறுபடி வந்து, வீடு வீடாகப் போய், போர்வை ஒன்றுக்கு 10 டாலர் கொடுத்து வாங்கினார். நியூயார்க்கில் ஏலம் விட்டார். வந்த பணம் தைத்தவர்களுக்கே திரும்பியது.

இப்படித்தான் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற பெண்கள் கூட்டுறவுச் சங்கம் உருவானது. சுதந்திரத் தையல் சங்கம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற அம்மா அதன் மேலாளராகப் பல வருஷம் இருந்தார். சங்கம் சொந்தமாக 23 ஏக்கர் நிலம் வாங்கி, தையல் கூடம் கட்டியது. குழந்தைகள் காப்பகம் வைத்தது. ஓட்டுக்குப் பெயர் பதிந்ததால் வீடிழந்த குடும்பங்களுக்கு அந்த நிலத்திலேயே மனை கொடுத்தது. ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு இவ்வளவும் செய்தார்கள். அந்தப் பெண்களில் பலருக்கு, வயலுக்கு வெளியே உழைத்துத் தன் பெயரில் வாங்கிய முதல் சம்பளம் அது.

ஆர்டருக்கு ஒன்று, ஆசைக்கு ஒன்று

நியூயார்க்கின் பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது. ஆனால் கடைக்காரர்களுக்கு ஒரே அளவு வேண்டும், ஒரே டிசைன் வேண்டும், தையல் நேராக இருக்க வேண்டும். ஜீஸ் பெண்ட் பெண்களோ, கோடு கோணலாகப் போனால் 'போகட்டும், அழகாகத்தான் இருக்கிறது' என்று விடுகிறவர்கள். தன் மனம் போன போக்கில் தைத்த போர்வையை 'என் வழி' என்றே அவர்கள் சொல்வார்கள். சம்பளம் வேண்டுமென்றால் அந்த வழியைக் கூடத்துக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். எல்லோருக்கும் அது ஒத்துவரவில்லை. சங்கத்தில் சேராதவர்களும், சேர்ந்து விலகியவர்களும் உண்டு.

1972இல் சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வியாபார நிறுவனம் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைக்க ஆர்டர் கொடுத்தது. கோடு கோடாக மேடு தட்டிய, கனமான துணி. மஞ்சள், பச்சை, பழுப்பு, சிவப்பு என்று வண்டி வண்டியாக வந்து இறங்கியது. உறைகள் எல்லாம் ஒரே மாதிரி, வரிசை பிசகாமல் தைக்கப்பட்டுப் போயின.

மிச்சம் விழுந்த வெட்டுத்துண்டுகள் வீடுகளுக்குப் போயின. பளிச்சென்ற நிறத்தில் இவ்வளவு துணியை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. பகலில் கூடத்தில் அளவு பார்த்துத் தைத்த அதே கைகள், ராத்திரி வீட்டில் அந்தத் துண்டுகளை வைத்து இஷ்டத்துக்கு விளையாடின. சியர்ஸின் உறைகள் தேய்ந்து குப்பைக்குப் போயிருக்கும். மிச்சத் துண்டுகளில் பிறந்த போர்வைகளை இன்று அருங்காட்சியகங்கள் கண்ணாடி போட்டுக் காக்கின்றன.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது ஒன்று. சங்கம் சோறு போட்டது, தைரியம் கொடுத்தது, ஊருக்கு மரியாதை தேடிக் கொடுத்தது. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ஒருத்தி தன் மனதைத் தைப்பதற்கு, ஆர்டர் புத்தகத்தில் வராத ஒரு மிச்ச நேரமும் மிச்சத் துணியும் வேண்டியிருந்தன. இரண்டும் இருந்ததால்தான் ஜீஸ் பெண்ட் நமக்குக் கிடைத்தது.

மேரி லீயின் கண்

அந்த ஊரில் ஒருவரை மட்டும் எடுத்துச் சொல்வதென்றால் நான் மேரி லீ பெண்டால்ஃபைச் சொல்வேன். 1935இல் பிறந்தவர். பதினேழு பிள்ளைகளில் ஏழாவது. அவருடைய அம்மா அயோலர் மோஸ்லி, சங்கத்தின் தொடக்க கால உறுப்பினர்களில் ஒருவர். அம்மாவைப் பார்த்துத்தான் மேரி லீ ஊசி பிடித்தார். பன்னிரண்டு வயதில் முதல் போர்வை. தைத்த நேரம் கொஞ்சம்தான், துணி சேர்க்கத்தான் ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. வழியில் கிடந்த கந்தலைக்கூட எடுத்து வைத்துக்கொண்டாராம்.

பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு நின்றது. சின்ன வயதிலேயே தாயானார். கல்யாணம், எட்டுப் பிள்ளைகள், வயல் வேலை, பிறகு ராணுவச் சீருடை தைக்கும் வேலை. 1992இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் போர்வைக்கென்று நிதானமாக உட்கார நேரம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 57. 'இனிமேல் எனக்கென்ன' என்று நம்மில் பலர் ஒதுங்கும் வயதில் அவருடைய நல்ல காலம் தொடங்கியது.

மாதிரிப் புத்தகம் எதையும் அவர் பார்ப்பதில்லை. வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தாலே டிசைன் கிடைத்துவிடும் என்பார். புதுத் துணியைவிடப் பழந்துணிதான் அவருக்குப் பிடிக்கும். உடுத்தியவரின் அன்பும் உயிரும் அதில் தங்கியிருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. பழைய ஜீன்ஸ் கால்சட்டையின் பாக்கெட்டைப் பிரித்தெடுத்துப் பாருங்கள். வெயில் படாத அந்த இடம் மட்டும் அடர் நீலமாக, பாக்கெட்டின் நிழல் போல நிற்கும். அந்த ஊர்ப் பெண்கள் அதை மறைக்க மாட்டார்கள். போர்வையின் நட்ட நடுவில் கொண்டுவந்து வைப்பார்கள்.

1998இல் மேரி லீ முகத்தைத் தைத்து, 2001இல் மகள் எஸ்ஸி ஓட்டுத்தையல் போட்டு முடித்த ஒரு போர்வை, 2006இல் அமெரிக்கத் தபால்தலையாக வந்தது. ஜீஸ் பெண்ட் போர்வைகளுக்காக அந்த வருஷம் வெளியான பத்துத் தபால்தலைகளில் அது ஒன்று. நாற்பத்து நான்கு வருஷமாக நின்றிருந்த படகும் அதே 2006இல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. 2015இல் நாட்டின் உயர்ந்த மரபுக்கலை விருது மேரி லீ, லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே என்ற மூவருக்கும் கிடைத்தது.

கொசுவுக்குப் போகவிருந்த கலை

இவ்வளவு பெயரும் வந்தது 1998இல் கலைப்பொருள் சேகரிப்பாளர் வில்லியம் ஆர்னெட் அந்த ஊருக்கு வந்த பிறகுதான். விறகுக் குவியல் மேல் விரித்திருந்த ஒரு போர்வையின் படத்தைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, அதைத் தைத்த ஆனி மே யங்கைத் தேடி வந்தார். ஆனி மே அதற்கு முந்தைய வாரம்தான் பழைய போர்வைகள் சிலவற்றை எரித்திருந்தார். பஞ்சுப் புகைக்குக் கொசு ஓடும் அல்லவா! நல்லவேளை, தேடி வந்த போர்வை அதில் இல்லை.

2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி. தைத்த பெண்கள் போய்ப் பார்த்தார்கள். கட்டிலில் கிடந்தது வெள்ளைச் சுவரில், விளக்கு வெளிச்சத்தில் தொங்கியது. அந்தக் கூட்டத்தில் மேரி லீயின் மருமகள் லூசியானாவும் இருந்தார். தைப்பதையே விட்டுவிட்டிருந்தவர். திரும்பி வரும் வழியில் போர்வைகளாகவே கண்ணுக்குள் தோன்ற ஆரம்பித்ததாம். பேப்பரும் பென்சிலும் எடுத்து வரையத் தொடங்கினார். மறுபடி தைத்தார். இன்று அவரும் பெயர் பெற்ற கலைஞர்.

பெயர் வந்தால் பணச் சிக்கலும் வரும். எங்கள் கைவேலையால் வந்த வருமானத்தில் எங்களுக்கு உரிய பங்கு எங்கே என்று 2007இல் சில பெண்கள் நீதிமன்றம் போனார்கள். அடுத்த வருஷம் அந்த வழக்குகள் முடிவுக்கு வந்தன. 2003இல் ஊர்ப் பெண்கள் தங்களுக்கென்று புதிய சங்கம் அமைத்தார்கள். 2021 முதல் பலர் ஆன்லைனில் நேரடியாக விற்கிறார்கள். தங்கள் விலையைத் தாங்களே சொல்கிறார்கள். பழைய சுதந்திரத் தையல் சங்கம் 2012இல் கதவை மூடியது. ஆனால் அந்தச் சங்கத்தின் நினைவாக, பைன் காய் செதில்கள் போல அடுக்கடுக்காகத் தைக்கும் அவர்களுடைய டிசைனை அலபாமா மாநிலம் 1997இலேயே தன் அதிகாரபூர்வப் போர்வையாக அறிவித்திருந்தது.

என் தோழிக்கும் உங்களுக்கும்

ஜீஸ் பெண்ட்டில் அதிகம் தைக்கும் டிசைன்களில் ஒன்று 'வீட்டுக் கூரை'. தையல் மெஷின் இல்லாவிட்டாலும், கையாலேயே தைக்கலாம்.

சட்டையைத் துவைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் இருக்கும் இடத்தைச் சதுரமாக வெட்டுங்கள். அதுதான் நடு. மற்ற இடங்களை இரண்டு அங்குல அகலத்தில் பட்டைகளாகக் கிழியுங்கள். சதுரத்தின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டையை வைத்து, கால் அங்குலம் உள்தள்ளித் தையுங்கள். மீதியை வெட்டிவிட்டு, இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று சுற்றிச் சுற்றி வாருங்கள். சதுரம் வளர்ந்துகொண்டே போகும். போதும் என்று தோன்றும்போது நிறுத்தலாம். நடு அடுக்குக்குப் பழைய பருத்தி வேட்டி போதும். அடியில் அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்று. கோணல் வந்தால் பிரிக்க வேண்டாம்.

முழுப் போர்வை தைக்க நேரமில்லை என்றால் ஒரு தலையணை உறை தையுங்கள். தெருவில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் வாரம் ஒரு மத்தியானம் உட்காரலாம். சங்கத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த வாரக் கட்டுரையை முதலில் என் தோழிக்குத்தான் அனுப்பப்போகிறேன். அவள் கத்தரிக்கோலை எடுப்பாளா என்று எனக்குத் தெரியாது. அப்பா சட்டையில் முதல் வெட்டு போடுவது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் தனியாகச் செய்ய வேண்டாம், அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள் என்று சொல்வேன். 1942இல் ஒரு தாயும் மகளும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

அதுவரை அந்தச் சட்டைகள் பீரோவிலேயே இருக்கட்டும். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.